நம்ம கோச்சைத் தூக்கிவிடுவார்களா?

கொரோனாவால் குற்றாலத்தில் குளிக்கத் தடை இருந்த ஆண்டு 2020. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டியது, கீழே நிற்க ஆளில்லை. அந்த ஆகஸ்டில் தென்காசிப் பக்கத்துக் கால்பந்துப் பைத்தியங்களுக்கு இன்னொரு வருத்தமும் சேர்ந்தது. சென்னையின் எஃப்சி அணியின் பயிற்சியாளர் ஓவன் காயில் ஜாம்ஷெட்பூர் எஃப்சிக்குப் போய்விட்டார்.

வந்து ஓர் ஆண்டுகூட ஆகாத மனிதர். 2019 டிசம்பரில் அவர் பொறுப்பேற்றபோது அணி பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தது. முந்தைய பயிற்சியாளர் ஜான் கிரிகரி விலகி, அந்தப் பருவம் போனது போனதுதான் என்று ரசிகர்கள் கைகழுவியிருந்த நேரம். காயில் அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு நான்காம் இடம் வரை ஏற்றினார். அரையிறுதியில், பட்டியலில் முதலிடம் பிடித்திருந்த கோவாவை இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 6-5 என்று வீழ்த்தினார். 2020 மார்ச் 14 அன்று, பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத ஃபதோர்தா மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 1-3 என்று தோற்றது சென்னை. கோப்பை இல்லை என்றாலும் அடுத்த ஆண்டு நமக்குத்தான் என்ற நினைப்பு எல்லோரிடமும் இருந்தது. அந்த நினைப்பு ஐந்து மாதம் தாங்கியது. காயில் தனியாகவும் போகவில்லை. அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய லிதுவேனியாக்காரர் நெரியஸ் வால்ஸ்கிஸையும் ஜாம்ஷெட்பூர் சேர்த்துக்கொண்டது. "ஏல, கோச்சயும் தூக்கிட்டானுவ, கோல் போடுதவனயும் தூக்கிட்டானுவ" என்பதுதான் அன்றைய பேச்சு.

பெரிய கிளப் ஒன்று வந்து நம் பயிற்சியாளரைக் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் உலகம் முழுக்கக் கால்பந்து ரசிகர்களுக்கு உண்டு. அது எந்த அளவுக்கு நியாயமான பயம்? போனவரால் வாங்கியவருக்கு என்ன கிடைத்தது, இழந்தவருக்கு என்ன போயிற்று? இந்தியக் கால்பந்தில் இதற்குப் போதுமான வழக்குகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினால், நாம் பயப்படுவது தப்பான ஆளைப் பார்த்தோ என்று எனக்குத் தோன்றுகிறது.

தென்காசியில் உட்கார்ந்து இதைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். கொச்சி அதில் பாதிக்கும் குறைவு. பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் எழும்பூர், பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் எர்ணாகுளம். 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்க் கணக்கில்தான் இருந்தது. அதனால் இங்கே ஒரே தெருவில் சென்னையின் நீலச் சட்டையும் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டையும் காய்வது வியப்பில்லை. வளைகுடாவுக்குப் போய்வருவோர் நிறைந்த கடையநல்லூர் போன்ற ஊர்களில் இவை இரண்டையும் விட்டுவிட்டு லிவர்பூல், ரியல் மாட்ரிட் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பொருத்தம்: குற்றாலத்தில் சாரல் பிடித்துச் சீசன் களைகட்டும் ஜூன், ஜூலையில்தான் கால்பந்து உலகில் பயிற்சியாளர்கள் கூடு மாறுகிறார்கள். கேரளத்திலிருந்து குளிக்க வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு தானாக வந்துவிடும்.

மஞ்சள் சட்டைக்காரர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் நமக்கு மூன்று ஆண்டு முன்பே அவர்கள் பட்டது தெரியும். 2016இல் ஸ்டீவ் காப்பல் பிளாஸ்டர்ஸை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். டிசம்பர் 18 அன்று, கொச்சி மைதானமே மஞ்சளாக இருந்த இரவில், பெனால்டியில் ஏடிகே கோப்பையைப் பறித்தது. அடுத்த பருவத்துக்குக் காப்பல் திரும்புவார் என்று காத்திருந்தார்கள். அவர் போன இடம் அப்போதுதான் பிறந்திருந்த ஒரு கிளப். அதே ஜாம்ஷெட்பூர். ஹைதி நாட்டு முன்கள ஆட்டக்காரர் கெர்வன்ஸ் பெல்ஃபோர்ட்டும் அங்கே போனார்.

ஆக, தென்காசிக்காரர்கள் கொண்டாடும் இரண்டு அணிகளும் இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்ற பயிற்சியாளர்களை ஒரே ஊருக்குப் பறிகொடுத்தன. அந்த ஊர்க் கிளப் பெரியதா? கோப்பைக் கணக்கில் பார்த்தால் இல்லவே இல்லை. காயில் போன நேரத்தில் சென்னையிடம் 2015, 2017-18 என்று இரண்டு பட்டங்கள் இருந்தன. ஜாம்ஷெட்பூரிடம் ஒன்றுகூட இல்லை. ரசிகர் கூட்டத்தில் பிளாஸ்டர்ஸின் பக்கத்தில் அவர்கள் நிற்கவே முடியாது. அவர்களிடம் இருந்தது டாடா ஸ்டீல். சொந்தமாக ஜே.ஆர்.டி. டாடா விளையாட்டு வளாகம். 1987இலிருந்து நடந்துவரும் டாடா ஃபுட்பால் அகாடமி. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்ற உறுதி. சென்னையின் எஃப்சி விளையாடும் ஜவாஹர்லால் நேரு மைதானமோ அரசுக்குச் சொந்தமானது. கிளப் அங்கே வாடகைக் குடித்தனம். பயிற்சியாளன் கண்ணுக்குப் 'பெரிய கிளப்' எது என்பது ரசிகன் கண்ணுக்குத் தெரிவதிலிருந்து வேறாக இருக்கிறது. நாம் அலமாரியில் கோப்பையை எண்ணுகிறோம். அவர் காலையில் பயிற்சிக்குப் புல்தரை இருக்குமா, அடுத்த ஆண்டும் கிளப் இருக்குமா என்று பார்க்கிறார்.

காயிலைப் பொறுத்தவரை நாம் ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். இந்த விஷயத்தில் அவர் பழைய கை. 2009இல் இங்கிலாந்தின் பர்ன்லி என்ற சிறு நகர அணியை 33 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் டிவிஷனுக்கு ஏற்றியவர் அவர். அந்த ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டையே சொந்த மண்ணில் 1-0 என்று தோற்கடித்தார்கள். 2010 ஜனவரியில், பருவத்தின் நடுவில், அக்கம்பக்கத்து ஊரான போல்ட்டனுக்குப் போய்விட்டார். ஆட்டக்காரராக இருந்தபோது அவர் ஆடிய பழைய கிளப் அது. பர்ன்லி அந்தப் பருவமே கீழே இறங்கியது. ரசிகர்கள் அவருக்கு யூதாஸ் என்று பெயர் வைத்தார்கள். போல்ட்டனுக்கும் அவரால் விடிவில்லை. 2012இல் அதுவும் இறங்கியது, அக்டோபரில் அவரை அனுப்பினார்கள். சென்னை ரசிகனின் 2020 வருத்தம் பர்ன்லிக்காரர் பத்து வருடம் முன்பு பட்டதன் இரண்டாம் பதிப்பு.

இந்தியாவில் இந்தப் பயத்துக்கு முதல் தரமான எடுத்துக்காட்டு ஐஸால். மிசோரத் தலைநகரின் சின்னக் கிளப். 2015-16இல் தேசிய லீகான ஐ-லீகிலிருந்தே தகுதியிறக்கம் பெற்று, கோவாக் கிளப்புகள் விலகியதால் மீண்டும் சேர்க்கப்பட்ட அணி. மும்பை எஃப்சியில் ஏழு ஆண்டு இருந்துவிட்டு வேலை இழந்த காலித் ஜமில் அங்கே வந்தார். 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் லஜாங் அணியோடு 1-1 என்று முடித்து, மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக, 37 புள்ளியுடன் ஐஸால் சாம்பியன் ஆனது. வடகிழக்கிலிருந்து முதல் தேசியச் சாம்பியன். கொண்டாட்டத்தின் சூடு ஆறுவதற்குள் ஈஸ்ட் பெங்கால் வந்து ஜமிலைக் கூட்டிப்போனது. நடுக்கள ஆட்டக்காரர் அல் அம்னாவும் கொல்கத்தா போனார். பணக்கார அண்டைவீட்டான் சின்னவனின் தோட்டத்தில் பழுத்ததைப் பறித்த கதையாக அன்று எல்லாரும் எழுதினார்கள்.

அடுத்த பருவத்தின் முடிவைப் பற்றி அவ்வளவு பேர் எழுதவில்லை. 2017-18இல் ஈஸ்ட் பெங்கால் நான்காவது, ஐஸால் ஐந்தாவது. பறித்தவனும் பறிகொடுத்தவனும் பட்டியலில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஜமில் ஒரே பருவத்தில் வெளியேறினார். 2003-04க்குப் பிறகு தேசிய லீகை வெல்லாத ஈஸ்ட் பெங்காலின் தாகம் ஜமிலாலும் தீரவில்லை. காப்பல் விஷயமும் இப்படித்தான் முடிந்தது: 2017-18 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) பட்டியலில் ஜாம்ஷெட்பூர் ஐந்தாவது, பிளாஸ்டர்ஸ் ஆறாவது, இடைவெளி ஒரு புள்ளி. இந்த இரண்டு கணக்கையும் பார்க்கும் எவருக்கும், பயிற்சியாளரைத் தூக்கிப்போனால் வெற்றியும் கூடவே போய்விடும் என்ற நம்பிக்கை ஆட்டம் காணும்.

எப்போதும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. பி.கே. பானர்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 முதல் ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சி கொடுத்தவர். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கியது அவருடைய அணி. கொல்கத்தாவில் இன்றும் அந்த எண்ணைச் சொன்னால் பகான் ரசிகர் முகம் மாறும். அடுத்த ஆண்டே பி.கே. மோகன் பகானில். ஈஸ்ட் பெங்கால் ஆறு ஆண்டுகளாக விடாமல் வென்றுவந்த கொல்கத்தா லீகை 1976இல் பகான் பறித்தது. 1977 செப்டம்பரில் ஈடன் கார்டனில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு 2-2 என்று சமன் செய்ததும் பி.கே.யின் பகான்தான். 5-0 அடித்த மூளையையே அடிவாங்கியவர்கள் வாங்கிவிட்டார்கள். இந்தப் பயத்துக்கு இந்திய மண்ணில் வயது ஐம்பது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சரி, நாம் மட்டும் யோக்கியமா? பிளாஸ்டர்ஸ் ரசிகர் காப்பல் போனதற்கு ஜாம்ஷெட்பூரைத் திட்டினார். 2019இல் அதே பிளாஸ்டர்ஸ் என்ன செய்தது? குவாஹாட்டியின் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை முதல்முறையாக ப்ளேஆஃபுக்குக் கொண்டுபோன எல்கோ ஷட்டோரியைக் கொச்சிக்குக் கூட்டிவந்தது. அவரோடு கோல் இயந்திரமான நைஜீரியாக்காரர் பார்தலோமியு ஒக்பெச்சேயும் வந்தார். குவாஹாட்டியில் யாரும் அதை நல்ல ஆள்தேர்வு என்று பாராட்டியிருக்க மாட்டார்கள். முடிவு: அந்தப் பருவம் நார்த்ஈஸ்ட் ஒன்பதாவது, பிளாஸ்டர்ஸ் ஏழாவது, ஷட்டோரிக்கு ஓராண்டில் விடை. அடுத்து மோகன் பகானுக்கு ஐ-லீக் வென்று கொடுத்த கிபு விகுனாவை அழைத்தார்கள். பகான் ஏடிகேயோடு இணைந்ததில் அங்கே வேறு பயிற்சியாளர் இருந்தார், கிபுவுக்கு இடமில்லை. கொச்சியில் அவர் பருவம் முடியும் முன்பே வெளியேறினார், அணி பத்தாவது. சாம்பியன் பயிற்சியாளரை வாங்கினால் சாம்பியன் ஆகிவிடலாம் என்ற கணக்குக்குக் கொச்சியைப் போல விலை கொடுத்த ஊர் குறைவு.

விதிவிலக்கு மும்பை. அது எப்படி விதிவிலக்கானது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

செர்ஜியோ லொபேரா 2017இல் கோவாவுக்கு வந்தார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு கோலாக அடித்துக் குவிக்கும் ஆட்டத்தைக் கோவாவில் விதைத்தவர். 2018-19இல் இறுதி ஆட்டம், 2019இல் சூப்பர் கோப்பை. 2020 ஜனவரி இறுதியில், அணி பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோதே, கோவா நிர்வாகம் அவரை நீக்கியது. யாரும் வந்து பறிக்கவில்லை, இவர்களே கதவைத் திறந்துவிட்டார்கள். சிட்டி ஃபுட்பால் குழுமம் 2019 நவம்பரில் மும்பை சிட்டியின் பெரும்பங்கை வாங்கியிருந்தது. 2020-21க்கு லொபேரா அங்கே வந்தார். பின்னாலேயே கோவாவின் முதுகெலும்பே வந்துவிட்டது: அகமது ஜாஹு, ஹ்யூகோ பூமுஸ், முர்தாதா ஃபால், கோவா மண்ணின் மைந்தன் மந்தார் ராவ் தேசாய். முதல் பருவத்திலேயே மும்பை, பட்டியலில் முதலிடத்துக்கான லீக் ஷீல்டையும் இறுதி ஆட்டத்துக்கான கோப்பையையும் சேர்த்து வென்றது. ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற முதல் அணி அதுதான்.

இங்கே ஒரு துணைக்கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. லொபேரா போன பிறகு கோவாவை இடைக்காலமாக நடத்தியவர் உள்ளூர்க்காரர், முன்னாள் இந்திய ஆட்டக்காரர் கிளிஃபர்ட் மிரண்டா. மீதி லீக் ஆட்டங்களை வென்று லீக் ஷீல்டைக் கோவாவுக்கு வாங்கித் தந்தார். ஆசிய சாம்பியன்ஸ் லீகின் குரூப் சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய கிளப் ஆனது கோவா. நட்சத்திரம் போனால் வானம் இடிந்துவிடும் என்று பயந்தவர்கள் அந்தச் சில வாரங்களைக் கவனிக்க வேண்டும். அந்த மிரண்டாதான் 2025இல் சென்னையின் எஃப்சிக்கு வந்தார்.

மும்பைக்குத் திரும்புவோம். லொபேரா ஒரே ஆண்டில் சீனாவுக்குப் போனார். அடுத்து வந்த டெஸ் பக்கிங்ஹாம் 2022-23 ஷீல்டை வென்றார். 2023 நவம்பரில், பருவத்தின் நடுவே, இங்கிலாந்து மூன்றாம் டிவிஷன் அணியான ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் அவரைக் கூட்டிப்போனது. மும்பையின் ரசிகருக்கு அது அவமானமாகக்கூட இருந்திருக்கும்: இந்தியாவின் பணக்கார அணியை விட்டு மூன்றாம் டிவிஷனுக்கா? குழுமத்தின் இன்னொரு கிளப்பான மெல்போர்ன் சிட்டியில் இருந்து பீட்டர் கிராட்கி வந்தார். 2024 மே 4 அன்று மோகன் பகானை 3-1 என்று வென்று மும்பை கோப்பையைத் தூக்கியது. மூன்று பயிற்சியாளர்கள், மூவருக்கும் கோப்பையோ ஷீல்டோ. எந்த மாதிரி ஆட்டம், எந்த மாதிரி ஆட்டக்காரர், அடுத்த ஆள் எங்கிருந்து என்ற மூன்று கேள்விக்கும் பயிற்சியாளரைத் தாண்டி வேறொருவர் கையில் பதில் இருந்ததுதான் அதன் ரகசியம்.

வெளியுலகத்தில் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு பிரைட்டன். 2022 செப்டம்பரில் கிரஹாம் பாட்டரையும் அவருடைய உதவியாளர்களையும் செல்சி பெரும் நட்டஈடு கொடுத்து வாங்கியது. பிரைட்டன் ராபர்ட்டோ டி செர்பியை அமர்த்தி, அதே பருவத்தில் ஆறாம் இடம் பிடித்து, வரலாற்றில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. பாட்டரைச் செல்சி ஏழு மாதத்தில் அனுப்பியது. 2024 நவம்பரில் ரூபன் அமோரிமை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விட்ட லிஸ்பனின் ஸ்போர்ட்டிங், இடையில் ஒரு பயிற்சியாளரை வைத்துத் தடுமாறி, அவரை மாற்றி, கடைசியில் போர்ச்சுகல் லீகையே வென்றது. யுனைடெட் அந்தப் பருவம் 15ஆம் இடம். சவுதாம்ப்டன் இதையே இரண்டு முறை செய்துகாட்டியது: 2014இல் பொச்செட்டினோ போனார், கூமன் வந்தார்; 2016இல் கூமன் போனார், புயேல் வந்தார்; அணி முதல் எட்டுக்குள்ளேயே நின்றது. ஆனால் ஆண்டுதோறும் பயிற்சியாளரையும் நல்ல ஆட்டக்காரரையும் விற்றுக்கொண்டே இருந்த அந்த ஏற்பாடு தேய்ந்தது, 2023இல் தகுதியிறக்கம். ஏற்பாடு இருந்தால் போதும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் கூடாது.

இதற்கு எதிர்முனையில் ஸ்காட்லாந்தின் அபர்டீன். அலெக்ஸ் ஃபெர்கூசன் அவர்களுக்கு மூன்று லீக் பட்டங்களும் 1983இல் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையும் வாங்கித் தந்தார். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். அபர்டீன் கடைசியாக லீகை வென்றது 1985இல். இன்றுவரை மறுபடி இல்லை. உலகத்தில் எந்தச் சின்ன கிளப் ரசிகரைத் தட்டினாலும் உள்ளே ஓர் அபர்டீன் பயம் இருக்கிறது.

இந்தியாவில் இந்த இடமாற்றம் இவ்வளவு எளிதாக நடப்பதற்கு ஒப்பந்தமும் ஒரு காரணம். ஆட்டக்காரரை வாங்க விற்க ஆண்டுக்கு இரண்டு சாளரங்கள் உண்டு. அதற்கு வெளியே நகர முடியாது. பயிற்சியாளருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவர்களுடைய வேலை ஒப்பந்தங்களுக்கென்று ஃபிஃபா தனி விதிகளைக் கொண்டுவந்ததே 2021 ஜனவரியில்தான். ஐரோப்பாவில் ஒப்பந்தம் பெரும்பாலும் பல ஆண்டுக்கு ஓடும். உடைத்துப் போனால் வாங்குகிறவர் பணம் கட்ட வேண்டும், அந்தப் பணம் அடுத்தவரைத் தேடப் பயன்படும். இங்கே பெரும்பாலும் ஒரு பருவம், மிஞ்சினால் இரண்டு. காயில் 2019இல் கையெழுத்திட்டது அந்தப் பருவ முடிவு வரைதான். பூட்டாத வீட்டில் திருட்டுப் போனது என்று யார் மேல் வழக்குப் போடுவது?

இன்னொரு காரணம், ஆள் பஞ்சம். ஐ.எஸ்.எல். தலைமைப் பயிற்சியாளருக்கு ஏ.எஃப்.சி. ப்ரோ உரிமமோ அதற்கு இணையானதோ வேண்டும். அதை வைத்திருக்கும் இந்தியர்கள் கொஞ்சம் பேர். இந்திய வெயில், பயணம், மைதானம் எல்லாம் பழகிய வெளிநாட்டவரும் கொஞ்சம் பேர். அதனால் ஒரே பெயர்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. லொபேரா கோவா, மும்பை, ஒடிசா என்று சுற்றி 2025 நவம்பரில் மோகன் பகானில். மனோலோ மார்க்கேஸ் ஹைதராபாத்துக்கு 2021-22 கோப்பையை வாங்கித் தந்துவிட்டு 2023இல் கோவாவுக்கு. காயில் ஜாம்ஷெட்பூருக்கு 2021-22 ஷீல்டை வென்று கொடுத்து, ஸ்காட்லாந்து போய், 2023இல் சென்னைக்கே திரும்பினார். வால்ஸ்கிஸும் இடையில் ஒருமுறை சென்னைக்குத் திரும்பி வந்தார். திரும்பி வந்த காயிலை ரசிகர்கள் யூதாஸ் என்று சொல்லவில்லை, வரவேற்றார்கள். முதல் பருவம் ஆறாம் இடமும் ப்ளேஆஃபும் கிடைத்தன, 2024-25இல் பதினோராவது. 2025இல் விலகினார். பிரிந்து போனதில் சென்னை இழந்தது பெரிது என்றால், திரும்பி வந்ததில் பெற்றதும் பெரிதாக இருந்திருக்க வேண்டாமா?

2020இல் காயில் போன பிறகு நடந்ததைப் பார்த்தால் பதில் கிடைக்கும். சாபா லாஸ்லோ: எட்டாவது. அடுத்த ஆண்டு பொசிதார் பான்டோவிச், 2022 பிப்ரவரியில் அவர் நீக்கப்பட்டு சையத் சபீர் பாஷா இடைக்காலப் பொறுப்பு: மறுபடி எட்டாவது. அதற்கடுத்த ஆண்டு தாமஸ் பிர்டாரிச்: மூன்றாவது முறை எட்டாவது. ஆண்டுக்கொரு நாட்டுக்காரர், ஆண்டுக்கொரு ஆட்டமுறை, அதே இடம். இவர்களில் ஒருவரையும் எந்தப் பெரிய கிளப்பும் வந்து தூக்கவில்லை. மாற்றியது எல்லாம் நாமே. சபீர் பாஷா சென்னைக் கால்பந்தில் வளர்ந்தவர், இந்தியன் வங்கி அணியை நடத்தியவர், கிளப்பின் உள்ளும் புறமும் அறிந்தவர். தொடர்ச்சிக்கு அப்படி ஒருவர் வீட்டிலேயே இருந்தும் அவருக்கு முழுப் பருவம் தலைமைப் பொறுப்பைத் தந்து பார்க்கவில்லை என்பது என் குறை.

இதைவிடக் கசப்பான வழக்கு கோயம்புத்தூரில் இருக்கிறது. அங்கே ஆடிய சென்னை சிட்டி எஃப்சி 2018-19 ஐ-லீகை வென்றது. 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலைவிட ஒன்று கூடுதல். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று பட்டம் வாங்கிய அந்த மாலை, தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீகை வென்ற முதல் மாலை. ஸ்பெயின்காரர் பெட்ரோ மான்சி 21 கோல். பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. நவாஸை யாராவது கொண்டுபோய்விடுவார்களோ என்று எல்லோரும் பயந்தோம். அவர் அடுத்த பருவமும் இருந்தார். போனது ஆட்டக்காரர்கள்: எட்வின் வான்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்கு, நெஸ்டர் கோர்டில்லோ தகராறும் தடையுமாக ஹைதராபாத்துக்கு, மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்கு. 2020-21 பருவத்துக்குப் பிறகு ஐ-லீகில் கிளப்பே இல்லை. சாம்பியன் ஆன கிளப் மூன்று ஆண்டுக்குள் பட்டியலில் இருந்து மறைந்தது. பயிற்சியாளரைக் காப்பாற்றிவிட்டு கிளப்பைப் பறிகொடுத்தோம்.

பெண்கள் கால்பந்திலும் இதே ஓட்டம்தான். நமக்குப் பக்கத்து மதுரையின் சேது எஃப்சி 2018-19இல் இந்திய மகளிர் லீகை வென்றது. அதன்பின் பட்டங்கள் கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா அணிக்குப் போயின. கோகுலத்துக்கு இரண்டு பட்டம் வாங்கித் தந்த அந்தோணி ஆண்ட்ரூஸ் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய் 2024-25 பட்டத்தை அங்கே வென்றார். தேசிய அணியே பெரிய கிளப்பாக வந்து நிற்பதும் உண்டு. ஐஸாலின் அதே காலித் ஜமில் 2024-25இல் ஜாம்ஷெட்பூரை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். 2025 ஆகஸ்டில் இந்திய அணி அவரை எடுத்துக்கொண்டது. காப்பலையும் காயிலையும் வாங்கிய ஜாம்ஷெட்பூருக்கும் ஒருநாள் அந்த முறை வந்தது.

இந்தக் கேள்வியைத் தென்காசி அளவுக்குச் சுருக்கினால் அது வேறு உருவத்தில் தெரிகிறது. இங்கே பள்ளி அணிக்குப் பயிற்சியாளர் என்றால் பி.டி. சார்தான். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் பிள்ளைகளைச் சேர்த்து, கோனுக்குப் பதில் செங்கல் வைத்து, கைக்காசில் பந்து வாங்கி, மாவட்டப் போட்டி வரை கொண்டுபோகிறவர். அவரைத் தூக்கிப்போகும் பெரிய கிளப்பின் பெயர் பொது மாறுதல் கலந்தாய்வு. சொந்த ஊர்ப்பக்கம் இடம் கிடைத்தால் அவர் போகத்தான் செய்வார், போகவும் வேண்டும். அணியில் நன்றாக ஆடும் பையனை விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதி எடுத்துக்கொள்ளும். அதுவும் பையனுக்கு நல்லதே. ஆனால் புதிதாக வரும் சார் வாலிபாலோ தடகளமோ படித்தவராக இருந்தால் அந்தப் பள்ளியில் கால்பந்து அத்தோடு நிற்கும். முன்னாள் மாணவர் நாலு பேர் மாலையில் வந்து பந்தைத் தட்டும் பழக்கம் இருக்கும் ஊரில் மட்டும் நிற்காது. மும்பைக்கும் பிரைட்டனுக்கும் கோடிக்கணக்கில் செலவழித்துக் கிடைத்த ஏற்பாட்டின் ஏழை வடிவம் அந்த நாலு பேர்.

2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லே நிறுத்திவைக்கப்பட்டது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது, புதியது கையெழுத்தாகவில்லை. ஆகஸ்டில் சென்னையின் எஃப்சி உள்பட சில கிளப்புகள் தங்கள் முதன்மை அணியின் செயல்பாடுகளை நிறுத்தின. அந்தச் சீசனில் பயிற்சியாளரை யார் தூக்குவார்கள் என்று கவலைப்பட யாருக்கும் நேரமில்லை. கிளப் இருக்குமா என்பதே கேள்வியாக இருந்தது.

ஆகவே நீலச் சட்டைக்கும் மஞ்சள் சட்டைக்கும் ஒரே வேண்டுகோள். அடுத்த பயிற்சியாளரை அறிவிக்கும் நாளில் அவருடைய பழைய கோப்பைகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, இடையில் போனால் கிளப்புக்கு என்ன கிடைக்கும், அவருக்குக் கீழே இருக்கும் உள்ளூர் உதவியாளர் யார், இளையோர் அணிக்கு எந்த மைதானம் என்று கிளப்பிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வரும்வரை கேளுங்கள். சென்னையின் எஃப்சி 2014இலிருந்து 2025 வரை எட்டு முறை தலைமைப் பயிற்சியாளரை நியமித்தது. அதில் வேறொரு இந்திய கிளப்பிடம் பறிகொடுத்தது ஒரே ஒருவரை.